பின் சீற்றிலிருந்து பார்த்த கார்

2024 யூலை 5, வெள்ளிக்கிழமை. வானம் வெளிப்பு, மழை இல்லை. சோளகக் காற்று விடியமுன்பே தொடங்கிவிட்டது. முற்றத்தைக் கூட்டக் கூட்ட வேப்பஞ்சருகு திரும்பி வந்து விழுந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்கு எழும்பி, கூட்டி, குளித்து, சாமிப்படத்துக்கு நந்தியாவட்டை வைத்து, என் கணவருக்குக் கண்மருந்து விட்டேன். மூன்று போத்தல் மருந்து. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஐந்து நிமிடம் விடவேண்டும். அந்த இடைவெளிகளில் தேங்காய் திருவி முடிந்தது. காலைக்கு இடியப்பமும் சொதியும். வெள்ளிக்கிழமை என்பதால் மத்தியானத்துக்கு மரக்கறி: பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. சமைத்து மூடி வைத்துவிட்டு ஏழேகால் பஸ்ஸில் ஆசுபத்திரிக்குப் போனேன். அங்கே ஆய்வுகூடத்தில் இருபத்தேழு வருடமாக வேலை செய்கிறேன். அன்று இரத்த மாதிரிகள் அதிகம். சீனி பார்க்க வந்த ஒருவர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, குடிக்கவில்லை என்று சாதித்தார். அடுத்த நாள் வரச் சொல்லி அனுப்பினேன்.

நாட்குறிப்பில் அன்றிரவு எழுதியது இவ்வளவுதான். மிச்சத்தை எழுத அன்று மனம் வரவில்லை.

பின்னேரம் கார் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

கார் என்றால் ஏ-போட்டி, அதாவது ஏ-40. பழைய ஆங்கிலேய ஒஸ்ரின் கார்தான், ஆனால் எங்கள் பகுதியில் அதை இலக்கத்தைச் சொல்லித்தான் எல்லோரும் அழைப்பார்கள். என் கணவர் நெல்லியடிச் சந்தியில் நின்று அதை வாடகைக்கு ஓடினார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பஸ் ஒழுங்காக இல்லை. கரவெட்டிப் பக்கத்திலிருந்து ஆசுபத்திரிக்கும் கந்தோர்களுக்கும் போகும் ஆறு பேர் சேர்ந்து மாதக் கூலிக்கு அவருடைய காரைப் பிடித்திருந்தோம். முன்னுக்கு இரண்டு ஆண்கள் ஒடுங்கிக்கொண்டு இருப்பார்கள். பின்னுக்கு நாலு பெண்கள். ஆகவே நான் என் கணவரை அறிந்தது பின்தலையில் தொடங்கித்தான். இடது காதுக்குப் பின்னால் ஒரு மறு. சேட்டுக் கொலர் எப்போதும் சுத்தம். மூன்று வருடம் அந்தப் பின்தலையைப் பார்த்த பிறகு கலியாணம் பேசி வந்தது; நான் ஓம் என்று சொன்னேன்.

யுத்தத்தால் பெற்றோல் அருமையான காலம் அது. கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துக்கொண்டு, அதைச் சொட்டு விட்டு என்ஜினை எழுப்பி, சூடேறியதும் ஒரு திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகை வரும். நாங்கள் ஆசுபத்திரிக்குப் போய் இறங்கும்போது சேலையில் அடுப்படி மணம் இருக்கும். தாதிமார் சிரிப்பார்கள். பிறகு பெற்றோல் வந்தது, கொழும்புப் பாதை திறந்தது, ஜப்பான் வான்கள் வந்தன. ஏ-போட்டியைக் கூப்பிட ஆள் இல்லாமல் போனது. அவர் வேறொருவருடைய வானுக்குச் சாரதியாகப் போனார். கார் கொட்டிலில் நின்றது. கூரைக் கிடுகு உக்கி அதன் மேல் விழ, எலி உள்ளே குட்டி போட, அப்படியே பதின்மூன்று வருடம் நின்றது.

போன வருடம் சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனபோது மருத்துவப் பரிசோதனையில் அவரை நிறுத்திவிட்டார்கள். கண்ணுக்குள் அழுத்தம். குளுக்கோமா என்றார் டொக்டர். நோவும் இல்லை, சிவப்பும் இல்லை. அதனால் ஒருவருக்கும் தெரியாமல் பல வருடமாக வேலை செய்திருக்கிறது. பக்கப் பார்வை முழுக்கப் போய்விட்டது. நேரே பார்த்தால் பத்திரிகையின் சின்ன எழுத்தும் தெரியும். பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. பப்பாசிக் குழலுக்குள்ளால் பார்க்கிற மாதிரி என்று அவரே சொன்னார். போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து என்று டொக்டர் விளக்கினார்.

அன்று வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"பழைய இரும்புக்காரன் வந்தால் கூப்பிடும். கொட்டிலிலை கிடக்கிறதைக் குடுத்து விடுவம்."

நான் இரும்புக்காரனைக் கூப்பிடவில்லை. நெல்லியடியில் கார் திருத்தும் கராச்சுக்காரரைக் கூப்பிட்டேன்.

என் எண்ணம் இதுதான். மிச்சப் பார்வை இருக்கும்போதே அவர் ஒருமுறை அந்தக் காரை ஓட வேண்டும். றோட்டில் வேண்டாம், சட்டப்படி ஏலாது. வல்லை வெளியில் இந்தச் சோளகக் காலத்தில் நிலம் காய்ந்து பலகை மாதிரிக் கிடக்கும். ஆடு மாடு தவிர ஒன்றும் இல்லை. கராச்சுக்காரர் காரை அங்கே கொண்டுவந்து விட்டால், இவர் ஏறி ஒரு சுற்று ஓடலாம். இதை அவருக்கும் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் இவ்வளவும்.

கராச்சுக்காரர் முதலில் சொன்ன தொகை நாலரை லட்சம். முடியும்போது பதினொரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர் ஏமாற்றவில்லை. ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, உள்ளே இருக்கும் என்று நினைத்தது இல்லாமலிருந்தது. தரைத் தகடு காலால் மிதித்தால் போகும் நிலை. பிறேக்குக் குழாய்கள் உக்கிவிட்டன. பம்பருக்கு முலாம் பூசக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் ஒன்று கிடைத்தால், அதோடு சேர்க்கிற சாமான் கண்டியில். சீட்டுக் காசு இரண்டை எடுத்தேன். கூரைக்கு ஓடு மாற்ற வைத்திருந்த காசும் போனது. பிள்ளைகள் இல்லாத வீடு. கூரை ஒழுகினால் வாளி வைக்க எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்பவள் கேட்டாள்: "அக்கா, உந்தக் காசுக்கு ரெண்டு ஓட்டோ வாங்கி வாடகைக்கு விட்டிருக்கலாமெல்லே?"

"விட்டிருக்கலாம்."

"பிறகேன்?"

"ஓட்டோவிலை அவர் ஓடேல்லை."

"உங்களுக்குக் காதல் முத்திப் போச்சு," என்று சொல்லிவிட்டு நுணுக்குக்காட்டியில் குனிந்தாள்.

கணவர் ஒருநாளும் கராச்சுக்கு வரவில்லை. இரண்டு முறை கேட்டேன். "வேலை முடிஞ்சால் சொல்லும், பாக்கிறன்" என்றார். அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அவரை ஒரு காலத்தில் சந்தியின் கெட்டிக்காரச் சாரதியாக அறிந்தவர்கள். அவர்கள் முன்னால் கையால் தடவி நடக்க விருப்பமில்லை என்று விளங்கிக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஆகவே கராச்சுக்காரர் கேட்பதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். என் வேலையின் பழக்கத்தில், எதுவானாலும் சரியான அளவு என்ன, சரியான முறை என்ன என்று பார்த்துச் சொன்னேன். அவர் எங்கிருந்தோ அந்தக் காருக்குரிய பழைய கைநூல் ஒன்றின் பிரதி எடுத்து வைத்திருந்தார். அதில் படங்கள் இருந்தன.

"அக்கா, கியர் இப்ப நிலத்திலை கிடக்கு. கொம்பனியிலை செய்யேக்கை இது ஸ்ரியறிங்குக்குக் கீழை வாறது. ஆரோ மாத்தியிருக்கினம். எப்பிடிச் செய்ய?"

"செய்த நேரம் எப்பிடி இருந்ததோ, அப்பிடி."

"மண்ணெண்ணெய்த் திருகி?"

"இப்ப என்னத்துக்கு? எடுங்கோ."

அவருக்கு என் பதில்கள் மெத்தப் பிடித்தன. வேலைகாரருக்கு அடிக்கடி சொல்வாராம், உந்த அக்கா மாதிரி நாலு பேர் இருந்தால் யாழ்ப்பாணத்துப் பழைய கார் எல்லாம் உயிர்த்துவிடும் என்று.

நாள்தான் நெருக்கிக்கொண்டு வந்தது. யூனில் அழுத்தம் மருந்துக்கும் அடங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பார்த்த கண் டொக்டர், சத்திரசிகிச்சை செய்தாக வேண்டும் என்றார். செய்யாவிட்டால் ஒரு வருடத்துக்குள் நடுப் பார்வையும் போகும். செய்தால் அனேகமாக நிற்கும். அனேகமாக என்ற சொல்லை அவர் மறைக்கவில்லை. சிலருக்கு அந்தச் சத்திரசிகிச்சையிலேயே மிச்சம் போவதும் உண்டு என்றும் சொன்னார். திகதி யூலை 9, செவ்வாய்க்கிழமை.

அதனால்தான் வெள்ளி பின்னேரத்துக்குள் காரைத் தாருங்கள், ஞாயிறு காலையில் வல்லைக்குப் போக வேண்டும் என்று கராச்சுக்காரரிடம் மன்றாடியிருந்தேன். அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கேற்றை நான் முதலே அகலத் திறந்து வைத்திருந்தேன்.

கார் உண்மையில் வடிவாக இருந்தது. கறுப்பு நிறம், நடுவால் ஒரு வெள்ளிக்கோடு. பம்பரில் எங்கள் தென்னையும் மதிலும் வளைந்து தெரிந்தன. என்ஜின் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது. கராச்சுக்காரர் இறங்கி, கையிலிருந்த துணியால் கதவுப் பிடியைத் துடைத்துவிட்டு நின்றார்.

"எப்பிடி அண்ணை? கொழும்பிலை கண்காட்சிக்கு விட்டால் முதலாம் பரிசு."

என் கணவர் சுற்றி வந்தார். ஒரு கையை மட்காட்டில் வைத்தபடி நடந்தார். முன்னுக்கு நின்று நேரே பார்த்தார். பிறகு குனிந்து சில்லைப் பார்த்தார்.

"நல்லாத்தான் வெளிக்கிடுத்தியிருக்கிறாய். இது மாப்பிள்ளையோ, பொம்பிளையோ?"

"பொம்பிளை அண்ணை. மாப்பிள்ளை நீங்கள்தான். ஏறி இருங்கோ."

ஏறினார். கதவு மெதுவாக மூடியது. முந்தி அதை இரண்டு முறை அடித்தால்தான் பூட்டும். அவர் நேரே கண்ணாடிக்குள்ளால் கொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை கீழே போனது. முழங்காலுக்குப் பக்கத்தில், அரை முழ உயரத்தில், காற்றைப் பிடித்தது. இன்னும் கொஞ்சம் முன்னுக்குப் போய்ப் பார்த்தது. பின்னுக்கு வந்தது. பிறகு தரையைத் தடவியது.

"கியர் எங்கை?"

"மேலை அண்ணை, ஸ்ரியறிங்குக்குக் கீழை. ஒறிஜினல் அப்பிடித்தான். முந்தி ஆரோ நிலத்துக்கு மாத்திக் கெடுத்து வைச்சிருந்தவங்கள்."

"ஆரோ இல்லை. நான்."

கராச்சுக்காரர் துணியை மடித்தார்.

"கோண் அடிக்க என்ரை பெல் சுவிச்சு?" வலது கை கதவோரத் தூணைத் தடவியது.

"அது வீட்டுச் சுவிச்செல்லே அண்ணை? கழட்டியாச்சு. கோண் இப்ப நடுவிலை இருக்கு."

"லைற்?"

"முன்னாலை ஒரு குமிழ். இழுக்கிறது."

"ஸ்ரியறிங்கிலை சைக்கிள் ரியூப் சுத்தியிருந்தன். சில்லு நேரை நிக்கிறதைக் கையாலை பாக்க."

"அது... ஊத்தையாக் கிடந்தது எண்டு..." என்று சொல்லி அவர் என்னைப் பார்த்தார். எடுக்கச் சொன்னது நான்.

கணவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இஞ்சரும்," என்றார். "பின்னுக்கு ஏறிப் பாரும்."

ஏறினேன். இடப்பக்க யன்னலோரம், நான் மூன்று வருடம் இருந்த இடம். சீற்றின் துணி அதே மண்நிறம். அதைத் தேடித்தான் நான் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஆறு கடை ஏறி இறங்கினேன். யன்னல் கைபிடி அதே பக்கம் சுற்றியது. முன்சீற்றின் முதுகில் பிடித்துக்கொள்ளும் கயிறு அதே உயரத்தில். எனக்கு முன்னால் அந்தப் பின்தலை, நரைத்து, மறு அதே இடத்தில்.

"எல்லாம் சரியோ?"

"சரி," என்றேன்.

"பழைய மாதிரியே?"

"அப்பிடியே இருக்கு."

"அப்ப நீர் உம்மடை காரைத் திருத்தியிருக்கிறீர்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கலியாணத்துக்குப் பிறகும் அந்தக் காரின் முன் சீற்று எனக்குக் கிடைத்ததில்லை. காசு கொடுக்கிற ஆட்கள் இருப்பார்கள். கோயில் குளத்துக்குப் போனால் மாமியார் இருப்பார். அவர் வண்டி ஓடும்போது கை எங்கே போகிறது, எதைத் திருப்புகிறது என்று நான் ஒருநாளும் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த பாதி அப்படியே வந்திருந்தது. தெரியாத பாதியைக் கைநூலைப் பார்த்து நிரப்பியிருந்தேன்.

"அண்ணை, பழகினால் ரெண்டு நாளிலை வந்திடும்," என்றார் கராச்சுக்காரர். "பாத்துப் பாத்துப் போட வேண்டியதுதான்."

"எதைப் பாத்து? றோட்டைப் பாத்தால் கியர் தெரியாது. கியரைப் பாத்தால் றோட்டு இல்லை. எனக்கு இப்ப ரெண்டிலை ஒண்டுதான்." அதை விலை சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். "என்ரை கைக்குத் தெரிஞ்ச காரெண்டால் வல்லையிலை ஓடுவன். கண் முன்னுக்கு, கை தன்ரை பாட்டுக்கு. இது வேறை கார்."

"திரும்ப நிலத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு நாள் செல்லும்?" என்று கேட்டேன்.

கராச்சுக்காரர் காரின் கூரையைப் பார்த்தார். "பழைய கியர்த் தடியும் கம்பியும் போன மாசம் இரும்புக்குப் போட்டிட்டன் அக்கா. புதுசாச் செய்யவேணும். மூண்டு கிழமை, இருபது நாளுக்கு மேலை. காசும் செல்லும். ஆனால் அக்கா, அழிக்கிறதுக்கோ இவ்வளவு பாடுபட்டனாங்கள்?" அவருக்கு உண்மையாகவே நொந்தது.

பிறகு காரைக் கொட்டிலுக்குள் முன்பக்கமாக ஏற்றி விட்டார். முதல் நாளே எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தேத்தண்ணியும் வேண்டாமென்று போய்விட்டார்.

நான் கேற்றைப் பூட்டிக்கொண்டு வந்தேன். கணவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மூண்டு கிழமைதானே," என்றார். "செவ்வாய்க்கிழமையைத் தள்ளுவம்."

"தள்ளேலாது."

"ஒரு மாசம். அவ்வளவுதான்."

"இந்தத் திகதி எப்பிடிக் கிடைச்சதெண்டு உங்களுக்குத் தெரியும். விட்டால் அடுத்தது கார்த்திகையோ மார்கழியோ. உங்கடை அழுத்தம் அதுவரைக்கும் நிக்காது."

"நிக்காதெண்டு எழுதித் தந்தவையோ?"

"ஓம். ரெண்டு தரம் பார்த்து எழுதித் தந்தவை. நீங்கள்தான் உறையிலை போட்டு வைச்சனீங்கள்."

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். "இஞ்சரும், நான் சொல்லுறதைக் கேளும். ஒப்பரேசனிலை போனால் போனதுதானே? போகமுன்னம் ஒருக்கா என்ரை காரை ஓடுவம் எண்டு நினைக்கிறது பிழையோ? உம்மடை யோசனைதானே அது?"

அது என் யோசனைதான். அந்தச் சத்திரசிகிச்சைக்கு அவர் பயப்படுகிறார் என்பது எனக்கு அன்றுதான் நேரே தெரிந்தது. அதுவரையில் அதைப் பகிடியாகவே கதைத்து வந்தார். அவருக்காகச் செய்த கார், அவருடைய கண் சிகிச்சையைப் பிற்போடக் காரணமாகிக் கொட்டிலில் நின்றது. பதினொரு லட்சத்தையும் கூரையையும் நான் மறந்துவிடலாம். இதை மறக்க முடியாது.

"கண் உங்கடை," என்றேன். "ஆனால் கார் நிக்கிறதாலை திகதி தள்ளிறதெண்டால், கார் நிக்காது. நாளைக்கு விடிய அந்தக் கராச்சுத் தம்பியை வந்து கொண்டுபோகச் சொல்லுறன். வித்துப்போட்டு ஓடு மாத்துவம்."

"வெருட்டுறீரோ?"

"இல்லை. சொல்லுறன்."

நான் சொன்னால் செய்வேன் என்பது அவருக்குத் தெரியும். அவர் முற்றத்துக் கதிரையில் போய் இருந்தார். நான் புட்டுக்கு மாக் குழைத்தேன். காற்று இன்னும் விடவில்லை. அடுப்பைத் தகரத்தால் மறைக்க வேண்டியிருந்தது. இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். வானொலி பக்கத்தில் இருந்தும் போடவில்லை.

இரவுச் சாப்பாடு புட்டும் மத்தியானத்துக் கத்தரிக்காயும். நான் கைத்தொலைபேசியை எடுத்துக் கராச்சுக்காரருடைய இலக்கத்தைத் தேடினேன்.

"உவனுக்கோ எடுக்கிறீர்?"

"ஓம்."

"நாளைக்கு வரச் சொல்லவோ?"

"ஓம்."

சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, கறியைப் பிசைந்தபடி சொன்னார்: "உவனிட்டைக் கேளும், பின்னுக்கு எடுக்கிறது எப்பிடியெண்டு. கொட்டிலுக்குள்ளை முகத்தை விட்டிட்டுப் போட்டான். பின்னுக்கு எடுக்காமல் ஆர் வெளியிலை கொண்டுவாறது?"

நான் இலக்கத்தை அழுத்தி, அவருக்கும் கேட்க ஒலிபெருக்கியில் போட்டேன். கராச்சுக்காரர் முதல் வாக்கியமாக, "அக்கா, பிறேக்கையும் பழைய மாதிரி மாத்தச் சொல்லாதேங்கோ, கும்பிட்டுக் கேக்கிறன்" என்றார்.

"தம்பி, பின்னுக்கு எடுக்கிற கியர் எங்கை?"

"குமிழை வெளியிலை இழுக்கவேணும் அக்கா. இழுத்துக்கொண்டு தன்னட்டை எடுத்து, மேலை."

"முதலாவது?"

"இழுக்காமல், தன்னட்டை எடுத்து மேலை. ரெண்டாவது அதிலையிருந்து நேர் கீழை. கையை விட்டால் தானே நடுவுக்கு வரும். அதிலை மேலை மூண்டு, கீழை நாலு."

என் கணவரின் இடது கை மேசைக்கு மேலே எழும்பி நின்றது. இழுத்தது, மேலே போனது, கீழே வந்தது.

"ஏனடாப்பா," என்றார் தொலைபேசியைப் பார்த்து, "வெள்ளைக்காரனுக்கு நிலத்திலை கியர் வைக்க இடம் இல்லாமல் போச்சோ?"

"அண்ணையோ? முன்னுக்கு மூண்டு பேர் இருக்கத்தான் அண்ணை அப்பிடி."

"நான் நிலத்துக்கு மாத்திப் போட்டும் மூண்டு பேரை ஏத்தினனான். கியருக்கு ரெண்டு பக்கமும் காலை வைச்சுக்கொண்டு இருந்தவங்கள்."

கராச்சுக்காரர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வல்லைக்கு வரலாமா என்று கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். நேரே பார்த்தார், அப்படிப் பார்த்தால்தான் நான் முழுதாகத் தெரிவேன்.

"ஞாயிறு பாப்பம்," என்றார். "நாளைக்கு வளவுக்குள்ளை. பழகினால் வல்லை. இல்லாட்டில் ஆசுபத்திரிக்குப் போய் வந்து பழகுவம். செவ்வாய் செவ்வாய்தான்."

கடைசி வாக்கியத்தைக் கராச்சுக்காரர் விளங்கியிருக்க மாட்டார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தேன். சாப்பிட்டார்.

யூலை 6, சனிக்கிழமை. எனக்கு வேலை இல்லாத நாள். முற்றம் கூட்டவில்லை, அடுப்பு மூட்டவில்லை. வெளிச்சம் வந்ததும் முதல் வேலையாக இருவரும் கொட்டிலுக்குப் போனோம். அவர் சாரதி இருக்கையில் ஏறினார். நான் வழக்கத்தில் பின்கதவைத் திறக்கப் போனேன்.

"அங்கை இருந்து என்னத்தைப் பாக்கப் போறீர்? முன்னுக்கு வாரும்."

முன்னுக்கு ஏறினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்ஜின் ஓடவில்லை. கிளச்சை மிதித்து, கையால் கியர்த் தடியைத் தேடிப் பிடித்து, தன்பக்கம் எடுத்து மேலே போட்டார். நான் "முதலாவது" என்றேன். கீழே. "ரெண்டு." விட்டு மேலே. "மூண்டு." நாலாவதுக்குப் பதிலாகத் திரும்பவும் இரண்டில் விழுந்தது. "பிழை." திருப்பிப் போட்டார். வேப்பமரத்தில் வெயில் ஏறும்வரை அதைச் செய்தோம். நடுவில் ஒருமுறை, "நீர் சீனி பாக்கிற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு சொல்லாதையும், கை பயப்பிடுது" என்றார். கண் மூடியிருந்தவருக்கு என் முகம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

பிறகு கண்ணைத் திறந்தார். குமிழை வெளியே இழுத்து, தன்பக்கம் எடுத்து, மேலே போட்டார். பின்கியர். திரும்பவும் நடுவுக்கு எடுத்தார். சாவியைத் திருப்பி, ஸ்ராட்டரை இழுத்தார். என்ஜின் எழும்பியது.

"வலப்பக்கம் தூண் எவ்வளவு?"

நான் எட்டிப் பார்த்தேன். "ஒரு முழம்."

"இடப்பக்கம்?"

"அதைவிடக் கூட."

"சொல்லிக்கொண்டே இரும். நிப்பாட்டாதையும்."

கார் பின்னுக்கு அசைந்தது. நான் முழம், முக்கால் முழம் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் சில்லு கொட்டிலின் படியைத் தாண்டியபோது ஒரு உதறல் உதறி என்ஜின் நின்றுவிட்டது.

"கிளச் புதுசு," என்றார். கியரை நடுவுக்குக் கொண்டுவந்து, சரியோ என்று என்னிடம் கேட்டு, திரும்ப ஸ்ராட் பண்ணினார்.